இலக்கு சொன்னதும் தாய்மார் முடிவு செய்ததும்

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்ற கவலை தமிழ்நாட்டில் இப்போது அரசியல் மேடை வரை வந்துவிட்டது. புதுமணத் தம்பதியர் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பேசினார். இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று வைத்திருந்த தடையை ஆந்திரம் 2024இல் எடுத்துவிட்டது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவர்தோறும் எழுதிய அரசுகள் இன்று எதிர்த்திசையைக் காட்டுகின்றன. வட்டார சுகாதாரப் புள்ளியாளராக 1980களில் வேலைக்குச் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடுகளோடும் மாத அறிக்கைகளோடும் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எண்ணிக்கையைக் குறிவைத்து அரசு ஆணையிட்டபோது அறிக்கைகள் நிறைந்தன, வீடுகள் மாறவில்லை. தாயும் பிள்ளையும் பிழைக்க வழி செய்தபோது, யாரும் ஆணையிடாமலே வீடுகள் தங்கள் முடிவை எடுத்தன. பிறப்பைக் குறைத்த காலத்தில் கற்ற இந்தப் பாடத்தை, கூட்ட நினைக்கும் காலத்தில் மறந்துவிடக் கூடாது.

எங்கள் வேலைக்கு அச்சாணி, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போய், பிள்ளை பெறும் வயதில் உள்ள ஒவ்வொரு தம்பதியையும் எழுதி வைப்பார். திருமண வயது, பெற்ற பிள்ளைகள், உயிரோடு இருப்பவர்கள், கடைசிப் பிள்ளையின் வயது, அது ஆணா பெண்ணா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். முடிவில் என்ன கருத்தடை முறை என்ற கட்டம். மேலிடம் கேட்டதெல்லாம் அந்த முடிவுக் கட்டத்தைத்தான். அதன் விடையோ முந்திய கட்டங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. பெற்றது ஐந்து, இருப்பது மூன்று என்று எழுதிய வீட்டில் ஆபரேஷன் பேச்சு எடுபடாது. கடைசிப் பிள்ளைக்கு அஞ்சு வயசாவது தாண்டட்டும் என்பார்கள். அதில் அறியாமை எதுவும் இல்லை, கண்ணால் கண்ட சாவுகளிலிருந்து போட்ட கணக்கு அது. பெற்றதும் இருப்பதும் ஒரே எண்ணாக இருக்கும் வீட்டில் செவிலியர் அதிகம் பேச வேண்டியதில்லை. அந்தப் பெண்ணே எப்போது வரலாம் என்று கேட்பார். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததுதான் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சிறுத்ததன் உள்கதை.

அந்த இடைவெளியைக் குறைத்தவை பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரில் வராத வேலைகள். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி 1971இல் தமிழ்நாட்டில் 1,000 குழந்தைகள் பிறந்தால் 113 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன்பே இறந்தன. 2020இல் அது 13. 1978இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் 1985இல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று விரிந்தது. தட்டம்மைக்கும் ஊசி வந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தையை இழக்காமல் இருக்க உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் போதும் என்று அம்மாக்கள் கற்றார்கள். 1980இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்து, கிராமத்துக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. 1982இல் சத்துணவு, 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2000களில் இரவு பகல் பிரசவம் பார்க்க மூன்று செவிலியர்கள் கொண்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இன்று 100 பிரசவங்களில் 99க்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. இதே காலத்தில், அதே மாதிரிப் பதிவுக் கணக்கில், ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1979இல் 3.5 ஆக இருந்து 1991இல் 2.2 ஆனது. ஒரு தலைமுறை தன்னை ஈடு செய்துகொள்ளத் தேவையான 2.1 என்ற எல்லையை 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொட்டது. 2020இல் 1.4.

இதைக் கேட்கும் என் துறைக்காரர்களே மறுப்பார்கள்: முகாம்களும் ஊக்கத்தொகையும் இல்லாமலா இது நடந்தது என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக வந்து, ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையை ஊக்கத்தொகையோடு 1950களிலேயே தொடங்கிவைத்தார். அதற்கும் முன்பே, 1930களில், பெரியார் கருத்தடையைப் பெண் விடுதலைக்கான கருவியாக ஊர் ஊராகப் பேசியிருந்தார். எனவே ஆபரேஷன் என்பது இங்கே கூச்சப்பட வேண்டிய பேச்சாக இல்லாமல் போனது. வேண்டும் என்று முடிவெடுத்த பெண்ணுக்குப் பக்கத்து ஊரிலேயே மருத்துவர் கிடைத்ததும் பெரிய விஷயம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டின் அதே சிவப்பு முக்கோணச் சின்னம், அதே நிரோத் ஆணுறை, அதே ஊக்கத்தொகை இந்தியா முழுவதும் இருந்தன. 1992-93இல் எடுத்த முதல் தேசியக் குடும்ப நல ஆய்வு, மாதிரிப் பதிவிலிருந்து வேறான கணக்கு; அதில் தமிழ்நாட்டில் 2.5 ஆக இருந்த எண், உத்தரப் பிரதேசத்தில் 4.8, பீகாரில் 4.0. திட்டம் ஒன்றுதான், அது வந்து சேர்ந்த வீடுகளில் பிள்ளை பிழைக்குமா என்ற நம்பிக்கை ஒன்றல்ல. நெருக்கடி நிலைக் காலத்தை எடுத்துக்கொண்டாலும் இதுதான் தெரிகிறது. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. அடுத்த ஆண்டு அது 10 லட்சத்துக்கும் கீழே போனது. மிரட்டிப் பெற்ற எண் மிரட்டல் இருக்கும் வரைதான் நின்றது.

இலக்கு எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று எண்ணிக்கை பேசுகிறவர்கள் அதைப் பார்த்ததில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மாநிலத்துக்கு ஓர் எண் வரும். மாவட்டம், வட்டாரம், துணை நிலையம் என்று பிரிந்து கடைசியில் ஒரு செவிலியரின் தலையில் வந்து இறங்கும். வருவாய்த் துறைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பலருக்கும் பங்கு போடப்பட்டது. 'கேஸ்' கொண்டுவருவது என்பதே பேச்சு வழக்கானது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் நெருங்க நெருங்க முகாம்கள் பெருகும். ஒரே நாளில் அளவுக்கு மீறிய ஆபரேஷன்கள் நடக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அறிக்கையில் கட்டமே இருக்காது. இந்த ஓட்டத்தில் முகாமுக்கு எளிதாக வந்தவர்கள் நான்கு, ஐந்து பெற்று முடித்து, இனிப் பெறப் போவதில்லை என்ற வயதை நெருங்கியவர்கள். அவர்களால் இலக்கு நிறைந்தது, பிறப்பு விகிதம் அசையவில்லை. விவரம் தெரிந்தவர்கள் ஆபரேஷன் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிறந்த பிள்ளைகளில் எத்தனை மூன்றாவதும் அதற்கு மேலும் என்ற கணக்கைத்தான் பார்ப்பார்கள். 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் இலக்கு முறை கைவிடப்பட்டது. இனி எல்லாம் சரிந்துவிடும் என்ற பயம் துறைக்குள் பரவலாக இருந்தது. நடந்தது நேர்மாறு. 1998-99 குடும்ப நல ஆய்வில் 2.2 ஆக இருந்த தமிழ்நாட்டு எண், 2005-06இல் 1.8 ஆனது. இலக்கை எடுத்த பிறகும் இறக்கம் தொடர்ந்தது என்பதைவிட வலுவான சான்று என் வாதத்துக்கு வேண்டியதில்லை.

படிப்புதான் காரணம், வேறெதுவும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. கேரளத்தைப் பார்த்துச் சொல்லும்போது அது பெருமளவு பொருந்தும். தமிழ்நாட்டில் 1991இல் பெண்களில் பாதிப் பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. அப்போதே நாம் 2.2க்கு வந்துவிட்டோம். கைநாட்டு வைக்கும் பெண்களும் இரண்டோடு நிறுத்தினார்கள். தன் படிப்பைவிடத் தன் பிள்ளையின் படிப்பு இங்கே அதிகம் பேசியது. பேருந்து போகாத கிராமங்கள் குறைந்தன. பள்ளிக்கூடத்தில் சோறு கிடைத்தது. காட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது வழக்கமானது. பிள்ளை வருமானமாக இருந்த நிலை மாறிச் செலவாக ஆனது. நாலு பேரை அரைகுறையாக வளர்ப்பதைவிட இரண்டு பேரை ஆளாக்குவது மேல் என்று கூலி வேலை செய்யும் வீடுகளும் கணக்குப் போட்டன. பிற்பாடு உத்தரப் பிரதேசத்திலும் இதுவே நடந்தது. 4.8 ஆக இருந்த அந்த மாநிலத்தின் எண் 2019-21 ஆய்வில் 2.4 ஆனது. எந்தச் சாதியும் மதமும் மொழியும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. வசதிகள் எப்போது வந்து சேர்ந்தன என்பதில்தான் வித்தியாசம்.

இந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைப் பேசாமல் அதைச் சாதனை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. தொடக்க காலத் திட்டம் ஆண்களை நம்பி நடந்தது. ஆண்களுக்கான ஆபரேஷன் எளிது, தையல் சிறிது, ஆபத்து குறைவு. நெருக்கடி நிலைக்குப் பிறகு எந்த அரசும் ஆண்களின் பக்கம் திரும்பத் துணியவில்லை. பாரம் முழுவதும் பெண்கள்மேல் ஏறியது. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 1,000க்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. மாத்திரை, காப்பர் டி, ஊசி என்று இடைவெளி விட உதவும் முறைகளை நாம் பெயருக்குத்தான் வைத்திருந்தோம். இருபதுகளின் தொடக்கத்தில் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன். இருபத்தைந்து வயதை ஒட்டி ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்று வாழ்க்கையே முடிந்துபோனது. வேண்டும்போது பெற, வேண்டாதபோது தள்ளிவைக்க என்ற உரிமையாக அது அவளிடம் வரவில்லை. ஒரே முறை, ஒரே வாய்ப்பு, திரும்பிப் போக வழியில்லை என்ற வடிவில் வந்தது.

இன்னொரு விலையைப் பெண் குழந்தைகள் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு போதும் என்ற எண்ணமும், அதில் ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்த இடத்தில் கொடுமை பிறந்தது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி வட்டாரங்களின் பெண் சிசுக்கொலை 1980களின் நடுவிலிருந்து நாடறிந்த செய்தி. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. பின்னர் ஸ்கேன் கருவிகள் பரவ, கருவிலேயே பாலினம் பார்த்துக் கலைக்கும் வழக்கம் வந்தது. 1994இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1991இல் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2011இல் 943. இத்தனை ஆண்டுச் சட்டமும் பிரசாரமும் சரிவை நிறுத்தின, சரி செய்யவில்லை. பெண் குழந்தைகளுக்கான வைப்புத்தொகைத் திட்டத்திலும் பெற்றோரில் ஒருவர் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாம் வைத்தோம். குழந்தையைக் காப்பதையும் எண்ணிக்கையைக் குறைப்பதையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டிப்போட்டது தவறான கொள்கை. பெண் பிள்ளைக்கான உதவி, அவள் பிறந்தாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்திருக்க வேண்டும்.

இப்போது குடும்பங்களுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. இரண்டு தலைமுறை இப்படிப் போனதில் அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா என்ற உறவுகள் பல வீடுகளில் இல்லை. தாய்மாமன் சீர் செய்ய ஆள் இல்லாத காதுகுத்துகள் நடக்கின்றன. உறவு குறைந்தது வருத்தம்தான். ஆனால் அதைவிடக் கடினமானது, பார்த்துக்கொள்ளும் வேலை குறையாமல் ஆட்கள் மட்டும் குறைந்தது. 2011இல் தமிழ்நாட்டில் 100க்கு 10 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18 ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. ஒற்றைப் பிள்ளையை மணந்த ஒற்றைப் பிள்ளை, நான்கு முதியவர்களையும் ஒரு குழந்தையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கும் கைகள் பெரும்பாலும் பெண்ணின் கைகள். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்களோ 97 நிமிடம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும், இன்றைய பெண் ஏன் ஒன்றோடு நிறுத்துகிறாள் என்று கேட்பவர் வீட்டு வேலை எதையும் செய்யாதவராக இருக்க வேண்டும்.

கூடுதல் பிள்ளை வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் அரசியல் சார்ந்தது. 1971இல் இந்திய மக்களில் 100க்கு 7.5 பேர் தமிழ்நாட்டவர். 2011இல் 6 பேர். மக்களவைத் தொகுதிகள் மக்கள்தொகைப்படி பங்கிடப்பட்டால் நம் பங்கு குறையும். இது வெறும் பயமல்ல. 1962இல் 41 ஆக இருந்த நம் தொகுதிகள் 1967இல் 39 ஆயின. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976இல் 42ஆவது திருத்தம் பங்கீட்டை உறையவைத்தது. பின்னர் 84ஆவது திருத்தம் 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. இந்தக் குறை உண்மையானது, இதற்காகப் போராடுவது நியாயம். ஆனால் தீர்வு அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிரசவ அறையில் இல்லை. இன்று பிறக்கும் குழந்தை வாக்களிக்க 18 ஆண்டுகள் ஆகும். தொகுதி எண்ணிக்கைக்காகப் பெண்ணைப் பிள்ளை பெறச் சொல்வது, ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அவளைப் பெறாதே என்று சொன்னதன் மறுபக்கம். இரண்டிலும் அவள் விருப்பம் கேட்கப்படவில்லை.

சொன்னால் பெற்றுக்கொள்வார்களா என்பதற்கும் உலகத்தில் விடை இருக்கிறது. ஒரு குழந்தைக் கொள்கையைப் பலவந்தமாக நடத்திய சீனா, 2016 முதல் இரண்டு குழந்தைகளை அனுமதித்தது. 2021இல் மூன்று என்றது. 2016இல் அங்கே பிறந்தவை 1 கோடியே 78 லட்சம். 2023இல் 90 லட்சம். தென் கொரியா குழந்தை பெறுவோருக்குப் பணத்தை வாரி வழங்கியும் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்ற அளவுக்கு இறங்கியது. அங்கெல்லாம் குழந்தைக் காப்பகம் சரியில்லை, அதனால்தான் என்று சொல்ல வாய்ப்புண்டு. நல்ல காப்பகங்களும் தாராளமான விடுப்பும் உள்ள பின்லாந்தும் 2023இல் 1.26க்கு வந்துவிட்டது. இதற்கு மேல் இன்னொரு கணக்கும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த பெண் குழந்தைகள் குறைவு. ஆகவே இன்றைய தாய்மார் குறைவு. நாளையே ஒவ்வொரு பெண்ணும் இரண்டு பெற்றாலும் பிறப்புகள் பழைய அளவுக்குத் திரும்பாது. குறைந்த பிறப்போடு வாழக் கற்பதைத் தவிர வேறு வழி இல்லை என்ற உண்மையை முதலில் ஏற்க வேண்டும்.

அப்படியென்றால் காப்பகமும் விடுப்பும் வீண் செலவா என்று கேட்கலாம். எண்ணிக்கையை உயர்த்தும் கருவியாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் செய்ய வேண்டிய கடமையாகப் பார்த்தால் அவற்றைவிட அவசியமானது இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு அது எட்டாது. அங்கன்வாடி மாலை வரை திறந்திருந்தால் அவளுக்கு அது பெரிய உதவி. பிள்ளை வேண்டும், கிடைக்கவில்லை என்று ஏங்கும் தம்பதியரையும் நாம் மறந்திருந்தோம். 1990இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை சென்னையில் பிறந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் கையில் வளர்ந்து, சாதாரணக் குடும்பங்களைக் கடனில் தள்ளியது. பிள்ளை போதும் என்றவருக்கு இலவசமாக ஆபரேஷன் செய்த அரசு, பிள்ளை வேண்டும் என்பவருக்கும் மாவட்ட மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை தரக் கடமைப்பட்டது. முதியவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்களை, கிராம சுகாதாரச் செவிலியரை நியமித்ததுபோல ஊருக்கு ஊர் நியமிக்கும் காலமும் வந்துவிட்டது.

இத்தனை ஆண்டுப் பதிவேடுகளிலிருந்து ஆட்சியாளர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். பிறப்புக்கு மறுபடியும் இலக்கு வைக்காதீர்கள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பிறந்த குழந்தை பிழைக்கிறதா, பெற்றவள் நலமாக இருக்கிறாளா, வயதானவருக்குத் துணை இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு இலக்கு வையுங்கள். குடும்பங்களுக்கும் ஒரு சொல். எத்தனை பிள்ளைகள், எப்போது என்ற முடிவை மாமியாரோ மேடைப் பேச்சோ எடுக்க விடாதீர்கள். கணவனும் மனைவியும் பேசி எடுங்கள். உடலால் சுமப்பவள் மனைவி என்பதால் கடைசிச் சொல் அவளுடையதாக இருக்கட்டும்.